ரெபேக்காள் தொடாத குழந்தை

சாரல் விழுகிற மாதங்களில் தென்காசியில் துணி காயாது. ஊரெல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்ச் சந்தோஷமாகத் திரும்புகிற நாட்களில், பிரசவ ஆஸ்பத்திரி நடத்துகிறவளுக்கு அதுதான் பெரிய தொந்தரவு. வெந்நீரில் போட்டு அலசிய துணி மறுநாளும் ஈரமாகவே கொடியில் தொங்கும். கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் விரித்துக் காயவைப்போம். குழந்தைத் துணியிலெல்லாம் புகை வாசம் அடிக்கும். நீங்கள் திருநெல்வேலி வெயிலில் இருப்பவர், உங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. ஆனால் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் குழந்தைகளின் தொப்புளைச் சுற்றிக் கொப்புளம் வர ஆரம்பித்தபோது, நான் உண்மையாகவே ஈரத்துணியைத்தான் சந்தேகப்பட்டேன்.

விசாரணைக்கு என்று வந்திருக்கிறீர்கள், நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். எதையும் மறைக்கும் உத்தேசம் இல்லை. குறுக்கிடாமல் வரிசையாகச் சொல்லவிட்டால் உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷமே நான் தனியாகிவிட்டேன். அதற்குப் பிறகுதான் மதராஸுக்குப் போய் எல்.எம்.பி. டாக்டர் படிப்புப் படித்தேன். இந்த வீடு என் அப்பா கட்டியது. குற்றாலம் போகிற சாலையோரமாக இருப்பதால் வண்டி வந்து நிற்க இடம் இருந்தது. கூடத்திலும் இரண்டு அறைகளிலும் கட்டில் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கினேன். கடையநல்லூர், செங்கோட்டையிலிருந்தெல்லாம் வில்வண்டியில் பிரசவத்துக்கு வருவார்கள். கோமதியம்மா கை பட்டால் குறுக்கே கிடக்கிற பிள்ளையும் தலை திரும்பிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகை, ஆனால் பொய் இல்லை. சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாம் எனக்கு இந்தச் சுவருக்குள்ளேதான். கோயிலுக்குக்கூட நான் போவதில்லை. பிரசவம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்.

ரெபேக்காள் இங்கே வந்தபோது அவளுக்கு இருபது வயதிருக்கும். பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பை முடித்திருந்தாள். தாய் தகப்பன் கிடையாது, கீழப்பாவூரில் ஒரு சித்தி வளர்த்தாள். அழுகிற பிள்ளையை அவள் வாங்கிக்கொண்டால் அழுகை நிற்கும். இது நான் சொல்ல வேண்டியதில்லை, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொப்புளம் முதலில் பயப்படும்படி இல்லை. வேர்க்குரு மாதிரி வந்து, பழுத்து உடையும். பென்சிலின் போட்டேன். அதற்கு முன் சில வருஷங்களாகப் பென்சிலின் எங்களுக்குக் கண்கண்ட தெய்வம். காய்ச்சலுக்குப் போட்டோம், சளிக்குப் போட்டோம், ஒன்றுமே இல்லாவிட்டாலும் பயத்துக்காகப் போட்டோம். அந்த ஆடியில் அது கேட்கவில்லை. அளவைக் கூட்டினேன், அப்போதும் கேட்கவில்லை. மருந்து பழையதோ என்று புதுக்குப்பி வரவழைத்தேன். தொப்புளில் வந்தது குழந்தையின் ரத்தத்தில் இறங்கியது. தாய்மாருக்கு மார் கட்டிச் சீழ் பிடித்தது.

நூருன்னிசா என்று ஒரு பெண். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிதிர் முகம்மதுவின் மனைவி. எட்டு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. முதலில் குழந்தை போயிற்று. பிறகு அவளுக்கு மார் கட்டியது. கீறிச் சீழை எடுத்தேன். அது நுரையீரலுக்குப் போய்விட்டது. கடைசி வரைக்கும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் குனிந்து அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் கணவர் உடலை வாங்கிப் போகும்போது, "நீங்க ஒரு குறையும் வைக்கல டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தச் சமயம் வல்லிநாயகம் அண்ணாச்சி குற்றாலத்துக்கு வந்திருந்தார். இந்த ஊர்க்காரர்தான். மதராஸில் மருத்துவ மாணவர்களுக்குக் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். வருஷா வருஷம் சீசனுக்கு வருவார். நானே ஆள் அனுப்பி அவரை வரவழைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் பயந்தவளாக இருந்தால் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

அவர் துணியைப் பார்க்கவில்லை. பஞ்சு சுற்றிய குச்சியால் எங்கள் எல்லாருடைய மூக்கினுள்ளும் துடைத்துக் கண்ணாடிக் குழாய்களில் போட்டுக்கொண்டார். என் மூக்கு, ரெபேக்காள் மூக்கு, ஆயா உலகம்மை மூக்கு, சமையல்காரி, தோட்டி, யாரையும் விடவில்லை. உலகம்மை கூச்சத்தில் சிரித்துக்கொண்டே இருந்தாள். குழாய்களோடு அவர் கொல்லம் மெயிலில் மதராஸ் போனார். திரும்பி வந்தபோது நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"கடுதாசில எழுத மனசு வரல தங்கச்சி. அதான் நேர்லயே வந்துட்டேன்" என்றார்.

"யாருக்கு அண்ணாச்சி இருக்கு?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான்" என்றார்.

அவர் விளக்கமாகச் சொன்னார். அந்தக் கிருமி கண்ணாடித் தட்டில் பொன்னிறமாக வளருமாம், பார்க்க அழகாக இருக்குமாம். நடுவில் பென்சிலின் வைத்தால் மற்றக் கிருமிகள் ஒதுங்கிப்போகும், இது மருந்தை ஒட்டியே வளர்ந்திருந்தது. ஆஸ்பத்திரிகளில் நாம் போட்ட மருந்திலேயே பழகி வளர்ந்த சாதி அது. என் மூக்கில் குடியிருக்கிறது. எனக்கு ஒரு கெடுதலும் செய்யாது. நான் மூச்சு விட்டால், மூக்கைத் தொட்ட கையால் எதையாவது தொட்டால், அது இறங்கிப் போய்ப் பச்சைத் தொப்புளில் உட்கார்ந்துகொள்ளும்.

"உன்மேல தப்பு இல்ல. தெரியாம நடந்தது. இனிமே தெரியும்லா. ஆறு மாசம் பிரசவ அறைக்குள்ள போவாண்டாம். மூக்குக்கு ஒரு களிம்பு தாரேன், போட்டுட்டு வா. மூணு தடவ பாத்து மூணு தடவயும் இல்லன்னு வந்தா மறுபடி போலாம். அதுவரைக்கும் என்கிட்ட படிச்ச பிள்ள ஒருத்திய அனுப்பி வைக்கேன். ஷமீம் பானுன்னு பேரு. நல்ல கை."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். ஆறு மாசம் ஒன்றும் பெரிய காலம் இல்லை. நான் யோசித்ததெல்லாம் அந்தக் கடைசி வார்த்தையைப் பற்றித்தான். ஆறு மாசத்தில் ஊர் அந்தக் கைக்குப் பழகிவிடும். பிறகு நான் இந்த வீட்டில் யாராக இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஷமீம் பானு வர வேண்டாம், நானே ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்றேன். அவரும் நம்பினார். "வேற யார்ட்டயும் நான் சொல்லப் போறதில்ல. நீ டாக்டரு, உனக்கு நான் சொல்லணுமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரை வாசல்வரை விட்டுவிட்டுத் திரும்பினால் எல்லாரும் கூடத்தில் நிற்கிறார்கள். எல்லாரும் மூக்கைக் கொடுத்தவர்கள், முடிவைக் கேட்க உரிமை உள்ளவர்கள். உலகம்மைதான் கேட்டாள். "சொல்லிட்டாவளாம்மா? யாரு மூக்குலயாம்?"

யாருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படிச் சொன்னால் கொப்புளம் எங்கிருந்து வருகிறது என்கிற கேள்வி அப்படியே நிற்கும். நான் ரெபேக்காள் பெயரைச் சொன்னேன். அவசரத்தில் வாயில் வந்தது இல்லை, வாசலிலிருந்து கூடம்வரை நடக்கும்போதே யோசித்துவிட்டேன். உலகம்மைக்கு நாலு பிள்ளைகள், இந்த வேலையை விட்டால் கஞ்சிக்கு வழி இல்லை. சமையல்காரியின் அண்ணன் முனிசிபாலிட்டியில் இருக்கிறான், வந்து சத்தம் போடுவான். ரெபேக்காளுக்காக வந்து கேட்க ஒருவரும் கிடையாது. மேலும் அவள் படித்தவள், விஷயத்தைப் புரிந்துகொள்வாள்.

அவள் கையில் அப்போது ஒரு குழந்தை இருந்தது. அதைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு இந்த அறைக்கு வந்து கதவோரமாக நின்றாள்.

"அப்போ அந்தப் பிள்ளையெல்லாம் என்னாலயாம்மா? அந்த நூருன்னிசாக்காவும்?"

"தெரிஞ்சா செஞ்சே? தெரியாமத்தான நடந்துச்சு. யாரும் உன்னக் குத்தம் சொல்ல மாட்டாவ" என்றேன். அண்ணாச்சி எனக்குச் சொன்ன அதே ஆறுதலைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை மூக்கின்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இனிமே நான் யாரையும் தொட மாட்டேம்மா" என்றாள். அன்று மத்தியானமே கீழப்பாவூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

களிம்பைப் போட்டேன். மூக்குள் புண்ணாகும்வரை போட்டேன். கொப்புளம் குறைந்தது. ரெபேக்காள் போனதும் நின்றுவிட்டது பார் என்று ஊர் சொல்லிற்று. சில நாள் நானே அப்படி நம்பினேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுபடி மூக்கைத் துடைத்துப் பார்க்க நான் யாரிடமும் கொடுக்கவில்லை. தை மாதம் கொப்புளம் திரும்பி வந்தது.

சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தேன். மெத்தைகளைக் கொளுத்தினேன். அவள் விட்டுப்போனது எங்கோ தங்கியிருக்கிறது என்று சொன்னேன், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் நான் எங்கே போவேன் சொல்லுங்கள். கெட்டுப்போன மெத்தையை வெளியே எறியலாம். பிரசவ அறைக் கதவில் கை வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் நிற்பேன். உள்ளே ஒருத்தி வலியில் கோமதியம்மா, கோமதியம்மா என்று கூப்பிடுவாள். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போவேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும். பிள்ளையின் தலை தெரிகிற நேரத்தில், முக்கு தாயி என்று சொல்ல வாயைத் திறந்துதானே ஆக வேண்டும். முகத்தில் துணி கட்டினால் எனக்கு மூச்சு முட்டும், மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொள்வேன். வேலை முடிந்ததும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். தோல் வெடித்து ரத்தம் வரும். இந்த வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவள் நான்தான் என்பதை யாராவது எழுதினால் நல்லது.

மறு வருஷம் சீசனில் அண்ணாச்சி கேட்டார். மதுரையில் மூன்று தடவை பார்த்தாயிற்று, சுத்தமாகிவிட்டது என்றேன். "நல்லது தங்கச்சி" என்று சந்தோஷப்பட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை குழந்தைகள் என்று கேட்கிறீர்கள். நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பிழைத்தவர்கள்தான் அதிகம். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அறுபத்தொன்றில் ரெபேக்காள் திரும்பி வந்தாள். வாசல் கேட்டுக்கு வெளியே, முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள். வயிற்றில் ஏழு மாதம். பக்கத்தில் அவள் புருஷன் ஏசுதாசன், குத்துக்கல்வலசையில் வாத்தியார். தன்னைப் பற்றி எல்லாம் சொல்லித்தான் அவரைக் கட்டியிருக்கிறாள். இங்கிருந்து போன பிறகு அவள் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கவில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாளாம்.

"உள்ள வரலாமாம்மா?" என்று அங்கிருந்தே கேட்டாள். "பாளையங்கோட்டைக்குப் போலாம்னு இவுக சொல்லுதாவ. பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் பாப்பாவன்னு."

நான் வேண்டாம் என்றேன். உன் விஷயம் தெரிந்தவள் நான், என்னிடமே வா என்றேன். பரிவு இல்லாமல் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் காரணத்தைக் கேட்பதால் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் அவள் தன் மூக்கைப் பற்றிச் சொல்லியிருப்பாள். அவர்கள் துடைத்துப் பார்த்திருப்பார்கள். அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

பிரசவம் சுகமாக நடந்தது. அவள் முகத்தில் இரட்டைத் துணியை நானே கட்டினேன், காதுக்குப் பின்னால் இறுக முடிச்சுப் போட்டேன். வலியில் அவள் மூச்சுக்குத் திணறினாள், ஆனால் அவிழ்க்கச் சொல்லவில்லை. பெண் குழந்தை. அவளிடம் காட்டாமல் எடுத்துப் போகும்போது, "தூரத்துல இருந்தே மொகத்த மட்டும் காட்டுங்கம்மா" என்றாள். கதவருகில் நின்று காட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பால் கட்டாமல் இருக்க உலகம்மை அவள் மாரில் துணி சுற்றிவிட்டாள். குழந்தையை அவளிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று என் அறைக்குக் கொண்டுவந்தேன். பசும்பாலைக் காய்ச்சித் தண்ணீர் விட்டு நானே சங்கில் புகட்டினேன். அதற்கு முன் எந்தக் குழந்தையையும் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்ததில்லை. என் நெஞ்சின்மேல் போட்டுத் தூங்கவைத்தேன். உச்சியை முகர்ந்து பார்த்தால் ஒரு வாசனை வரும், உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு வாரமும் எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. சந்தோஷமாக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு தொப்புளைச் சுற்றிக் கொப்புளம் வந்தது. மதுரையிலிருந்து புது மருந்து வரவழைத்தேன், வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது.

ஏசுதாசன், "ஒரு தடவையாவது அவ மடில போடுங்கம்மா" என்று கேட்டார். இனி ஒன்றும் இல்லையே என்று போட்டேன். அப்போதும் ரெபேக்காள் முகத்துணியை அவிழ்க்கவில்லை. ஒற்றை விரலால் குழந்தையின் காலைத் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள், தொடலாமா என்று கேட்பதுபோல. நான் தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் அந்த வாத்தியார் கேட்டார். "அவ பிள்ளையத் தொடவே இல்லையேம்மா. பொறவு எப்படி வந்துச்சு?"

"வயித்துக்குள்ளயே தொத்தியிருக்கும்" என்றேன்.

அவர், பையன் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நாள் கழித்து மதராஸுக்குப் போய் வல்லிநாயகம் அண்ணாச்சியைத் தேடிப் பிடித்திருக்கிறார். மீதி உங்களுக்குத் தெரியும். போன வாரம் நீங்கள் அனுப்பிய ஆள் என் மூக்கைத் துடைத்து எடுத்துப் போனாரே, அதன் முடிவுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கும். அது என்னை விட்டு எங்கும் போகவில்லை.

இதுதான் நடந்தது. ரெபேக்காளுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். என்னிடம்தான் இருக்கிறது என்றும் தெரியும். தெரிந்துதான் பிரசவம் பார்த்தேன், தெரிந்துதான் அவள் குழந்தையை என்னோடு வைத்துக்கொண்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

அவள் உங்களிடம் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவள் விட்டுவிட்டாள். மறந்திருப்பாள் என்று நினைக்கிறேன், சொல்லியிருந்தால் என்னைப் பற்றி நீங்கள் இவ்வளவு கடுமையாக எண்ணியிருக்க மாட்டீர்கள். அடக்கம் முடிந்து, அவள் புருஷன் மதராஸ் கிளம்புவதற்கு முன்னால், ஒரு நாள் காலையில் அவள் தனியாக வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று வாசல்படியிலேயே முட்டி போட்டாள். முகத்தில் துணி இருந்ததால் பேச்சுச் சரியாகக் கேட்கவில்லை, நான் குனிந்து கேட்டேன்.

"ஒங்க ஆஸ்பத்திரிக்கே என்னாலதான் கெட்ட பேரு. நீங்க எடுத்து வளத்த பிள்ளையவும் கொன்னுட்டேன். என்ன மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. இல்லன்னா என்னால இருக்க முடியாது" என்றாள்.

அவளைக் காக்க வைக்கவில்லை. தலையில் கை வைத்து, மன்னித்தேன் என்று சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அதைக் கேட்டு, துணிக்கு மேலே அவள் கண்கள் தெளிந்ததை நானே பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் அவ்வளவு சுலபத்தில் மன்னித்திருக்க மாட்டார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.